ஓலையில் ஏறிய படிப்பு

அந்த வாரம் என் கால் தரையில் பாவவில்லை. புதன்கிழமை தேர்வு முடிவு வந்தது, சனிக்கிழமை கல்யாணம் நிச்சயமானது. முத்தியால்பேட்டைச் சந்துகளில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்தேன்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. பகலில் பம்பும் கியர்பாக்ஸும், விடியற்காலையில் புத்தகமும் என்று ஐந்து வருடம் ஓட்டி, கல்லூரிக்குப் போகாமலே எழுதும் பொறியாளர் தேர்வில் எல்லாத் தாள்களிலும் தேறியிருந்தேன். அது பி.இ. அல்ல, பி.இ.க்கு இணை. அரசாங்கக் கடிதமே இருக்கிறது. ஆனால் அந்த 'இணை'யை ஒருவருக்குப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

நிச்சயம் பேச வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "பொண்ணு டிகிரிதானே? எங்க புள்ள பி.இ. அதுக்குக் கொறஞ்சி வேணாம்னு பாக்குறோம்."

"ஆமாங்க" என்ற அப்பா, மீதியைக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டார். அவர்கள் படியிறங்கியதும் நான் பொரிந்து தள்ளினேன்.

"ஏம்ப்பா மறைச்ச?"

"எங்கம்மா மறைச்சேன்? ரெண்டும் ஒண்ணுன்னு நீதானே சொன்ன?"

"இணைன்னா இணைன்னே சொல்லு. கஷ்டப்பட்டுப் படிச்சிட்டு நான் ஏன் ஒளியணும்? பத்திரிகையிலயும் அப்படியே போடு."

மாப்பிள்ளைக்கு விஷயம் முன்பே தெரியும். அவர் அம்மாவிடம் மறுநாள் ஞாயிறு சாயந்திரம் நானே நேரில் போய்ச் சொல்வதாக முடிவு செய்தோம். அந்த அம்மா வேண்டாம் என்றால் கல்யாணமே நின்றுபோகலாம். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை, என்ன ஜென்மமோ.

அப்பா ரோஷக்காரர். ஒரு தாளில் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார்: 'டிப்ளமோ. பி.இ. பட்டத்துக்கு இணையான தேர்வில் தேறியவர். மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது.' அச்சகத்துக்கு ஒன்று போதும். அவரோ அன்றைக்கே அதை மூன்று நகல் எடுத்து, எங்கள் மாதா கோயிலுக்கும் உப்பளம் பகுதியில் மாப்பிள்ளையின் கோயிலுக்கும் கல்யாண ஓலை வாசிக்கக் கொடுத்துவிட்டார்.

ஓலை என்பது கல்யாணத்துக்கு முன் ஞாயிறு பூசையில் சொல்லும் அறிவிப்பு. பெயர், பெற்றோர், எந்தப் பங்குக் கோயில், அவ்வளவுதான். படிப்பையெல்லாம் யாரும் அதில் எழுதுவதில்லை. கோயிலில் அறிவிப்பு வாசிக்கும் எங்கள் உபதேசியாரோ கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பவர். "மத்திய அரசு அங்கீகாரம் பெற்றது" என்று அவர் நிறுத்தி நிதானமாக முடித்தபோது சிரிப்பில் கோயிலே குலுங்கியது. பூசை வைத்த சாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் முக்காட்டைக் கண்வரை இழுத்துவிட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. உப்பளத்திலும் இதே நேரம் இதே தாள்.

பூசை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா.

"ஏம்மா, வேலைக்குப் போயிக்கினே படிச்சியா?"

"ஆமாங்க அத்தை. சாயந்திரம் வந்து சொல்லலாம்னு..."

"என்னத்தச் சொல்றது? அதான் ஊருக்கே சொல்லிட்டாங்களே. எல்லாரும் என்னைச் சுத்தி நின்னுக்கினு, மருமக கெட்டிக்காரிங்கறாங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "எம்புள்ள ஒரு வேலையும் பாக்காம, நாலு வருசப் படிப்ப ஆறு வருசம் படிச்சான். நல்லவேள, அத யாரும் ஓலையில எழுதல!"