இரண்டு முறை தூக்கிய கை

பிரெஞ்சுக்காரன் ஆளும் பாகூருக்கு வந்த மறுநாள் காலை, வாசலில் சிவப்புத் தொப்பியைக் கண்டதும் கொல்லைப்புறம் ஓடி வைக்கோல்போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நம் இங்கிலீஷ் பக்கத்தில் போலீஸ்காரர் வாசலுக்கு வந்தால், யாரையாவது இழுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். இந்தப் பிரெஞ்சுப் போலீஸ்காரர் வந்தது சுருட்டுக்கு நெருப்புக் கேட்க. பற்றவைத்துக்கொண்டார், மாடு கன்று போட்டதா என்று விசாரித்தார், போய்விட்டார். எனக்கு இடம் கொடுத்திருந்த ராஜாம்பாள் அக்கா, நான் முகம் வெளுத்துக் குனிந்து கிடப்பதைப் பார்த்து வயிற்றுக் கடுப்பு என்று முடிவு கட்டிவிட்டார். போலீஸ் என்று நான் திக்கித் திணறிச் சொன்னதற்கு, "போலீசுக்கும் உன் வயித்துக்கும் இன்னாடி?" என்று கேட்டுவிட்டு ஓமக் கஷாயத்தோடு வந்து நின்றார். அதன் காரம் மதியம்வரை தொண்டையில் இருந்தது. அடுத்த தடவை சிவப்புத் தொப்பி வந்தபோது நான் ஓடவில்லை. பயம் தெளிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கஷாயத்துக்குப் பயந்துதான் நின்றேன்.

ரங்கூனுக்கும் சைகோனுக்கும் கப்பலேறிப் போனவர்கள் என்னைப் பரதேசம் போனவள் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் தாண்டியது ஒரு வரப்பை. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் மண், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் மண். நடுவில் ஓர் எல்லைக்கல். இரண்டு பக்கமும் ஒரே நெல், ஒரே பேச்சு, ஒரே மாரியம்மன். ஆனால் கல்லுக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்ததற்காக என் கணவரை அடித்து இழுத்துப் போனார்கள். எந்தச் சிறை என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் வந்து என் பானைகளைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போனார். அரிசிப் பானைக்குள் ராஜத்துரோகம் இருக்கிறதாம். ஒருநாள் அவர் காலால் எட்டி உதைத்ததில் பானை உடைந்தது. அன்றே துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு, சொர்ணாவூர்ப் பக்கத்திலிருந்து பாகூர் ஏரிக்கு வரும் பங்காரு வாய்க்காலின் கரையோடு நடந்து இங்கே வந்துவிட்டேன்.

இங்கே வந்து நான் வாய் பிளந்து பார்த்தது மேரியைத்தான். மேரி என்பது கொம்யூன், அதாவது ஊராட்சி, அலுவலகம். நம் பக்கத்தில் அதிகாரி என்றால் எங்கிருந்தோ குதிரையில் வருகிறவர். இங்கே மேர் என்று ஊருக்குத் தலைவராக இருப்பவர் கரும்பு போடுகிறவர்; விசேஷ நாட்களில் வேட்டிக்கு மேல் மூன்று நிறப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொள்வார். ராஜாம்பாள் அக்காவின் வீட்டுக்காரர் தணிகாசலம், நெல் போடுகிறவர், ஓட்டு வாங்கி கொம்யூன் சபையில் உறுப்பினரானவர். எல்லாம் ராமராஜ்யம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டுப் போடும் நாளில் தடியோடு வருகிறவர்களும் உண்டு. பெண்களுக்கு ஓட்டும் கிடையாது. கடைசியில் இவர்களும் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கீழே இருக்கிறவர்கள்தான். ஆனாலும் ஒரு விவசாயி எழுந்து நின்று, இது தப்பு என்று சொல்ல ஒரு கூடம் இருக்கிறது. அந்தக் கூடத்தில் நடந்ததைப் பெருமையோடு சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் கதை மேர் காதுக்குப் போயிற்று. என் கணவரையும் அவரைப் போன்றவர்களையும் விடுதலை செய்யும்படி ஆங்கில அரசாங்கத்தைக் கேட்டு கொம்யூனில் தீர்மானம் போடுவோம் என்றார். புதுச்சேரி கவர்னருக்கும், பாரீஸ் பார்லிமெண்டில் இருக்கும் புதுச்சேரிப் பிரதிநிதிக்கும் அதை அனுப்புவதாக ஏற்பாடு. கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. ஆனால் ராஜாம்பாள் அக்கா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. பங்காரு வாய்க்காலின் தலைமடை இங்கிலீஷ் எல்லைக்குள், என் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் ஆடியில் பாகூர்க்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஆளாக மண்வெட்டியோடு எல்லை தாண்டிப் போய்த் தூர் வாருவார்கள். அதற்கு அந்தப் பக்கத்து அதிகாரியின் அனுமதி வேண்டும். அவரைப் பகைத்துக்கொண்டால் அனுமதி வராது. தூர் வாராவிட்டால் ஏரிக்குத் தண்ணீர் வராது. என் ஒருத்தியின் கணவருக்காக ஓர் ஊரின் நெல்லைப் பணயம் வைக்கிறார்கள் என்று தெரிந்ததும், தீர்மானம் வேண்டாம் என்று மேரிடம் சொல்லப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நான் சொன்னது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூட்டத்தன்று நானும் அக்காவும் மேரியின் ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றோம். கிளார்க் முதலிலேயே எழுந்து, கொம்யூனுக்கு உள்ள அதிகாரம் கிணறு, ரோடு, சுடுகாடு இவற்றோடு சரி, அயல் ராஜ்யத்து விவகாரம் நமக்கு எதற்கு என்று சட்டம் பேசினார். அவர் சொன்னது சட்டப்படி சரி என்றுதான் எனக்கும் பட்டது. மேர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த ஊர்த் தண்ணியக் குடிக்கிறோம். அந்த ஊர் ஆளைப் போட்டு அடிச்சா, ஏன்டா அடிக்கிறேன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. தணிகாசலத்தின் கை கடைசியில் எழுந்தது. அக்கா என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எதிர்க்கிறவர்கள் என்று மேர் முறைக்குக் கேட்டார். ஒரே ஒரு கை எழுந்தது. அதுவும் தணிகாசலத்தின் கைதான்.

கூடமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "மொதல்ல தூக்குனது அந்தப் பொண்ணுக்கு. இப்பத் தூக்குனது என் நாத்தங்காலுக்கு," என்றார். ஒரு ஆளுக்கு ஒரு கைதான் கணக்கு, ஒன்றைச் சொல்லும் என்றார் மேர். தணிகாசலம் ஜன்னல் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தாரா, தன் மனைவியைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "மொதல்ல தூக்குனதையே எழுதிக்கோ," என்றார். வயிற்றுப் பிழைப்பையும் நியாயத்தையும் இப்படிப் பொதுவில் எடைபோட்டு, நஷ்டம் இன்னதென்று தெரிந்தே நியாயத்தின் பக்கம் உட்கார்ந்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெரிய பெரிய சபைகளிலும் இதே தராசுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவர்களின் நாற்றங்கால் மட்டும் எங்கோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும்.

பயந்தபடியே ஆயிற்று. அந்த ஆடியில் அனுமதி வரவில்லை. கவர்னர் அலுவலகத்திலிருந்து தீர்மானம் கிடைத்தது என்று ஒரு வரி வந்ததாம்; பாரீஸிலிருந்து அதுவும் இல்லை. மண்வெட்டிகள் வீட்டு மூலையில் சாய்ந்து கிடந்தன. தெருவில் நடக்கவே எனக்குக் கூசியது. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா எப்போதும் போல எனக்குச் சோறு போட்டார், கொஞ்சம் அதிகமாகவே போட்டார்.

ஆவணி கடைசியில் ஒருநாள் காலை, தணிகாசலம் ஏரிக்கரையிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்து, "உங்க ஊர்த் தண்ணி வந்துடுச்சும்மா," என்றார். நான் நம்பவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். செம்மண் நுரையோடு வாய்க்கால் நிறைய வந்துகொண்டிருந்தது. பாகூர்க்காரர்கள் தீர்மானம் போட்ட சேதி சந்தை வழியாக என் ஊருக்குப் போயிருக்கிறது. இதுவரை ஒருநாளும் இந்த வாய்க்காலில் கை வைக்காத என் ஊர்க்காரர்கள், பானை கவிழ்க்கிற போலீஸுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த அதே ஆட்கள், மண்வெட்டியோடு இறங்கி எல்லைக்கல் வரைக்கும் தூர் வாரிவிட்டார்கள். தங்கள் ஊர் மண்ணைத் தாங்களே வெட்டுவதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? அன்று எனக்கு இரண்டு ஊரையும் நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

தீர்மானத்தால் என் கணவரை விட்டுவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். தண்டனைக் காலம் முடிந்துதான் விட்டார்கள். ஆனால், பாகூரில் நமக்காகக் கை தூக்கினார்கள் என்று புதிதாக வந்த ஒரு கைதி சொன்ன அன்று, சிறையில் யாருமே தலை குனிந்து நடக்கவில்லை என்று என் கணவர் பிறகு சொன்னார்.

அவர் என்னை அழைத்துப் போக எல்லைக்கல்வரை வந்திருந்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, ஊருக்குப் போகலாம் வா என்றார். இந்தப் பக்கம் ராஜாம்பாள் அக்கா என் மூட்டையைக் கொடுக்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வரப்பின் மேல் நின்றேன். போகிறேன் என்று சொல்லவும் வாய் வந்தது, இருக்கிறேன் என்று சொல்லவும் வந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காமல் தவித்தேன். வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு தரமும் கையத் தூக்கும்மா," என்றார். "இங்க எண்ணுறதுக்கு ஆள் இல்ல."