திரையில் ஏறிய சிவப்பு

அவனுக்கு வீட்டில் 'சரியாயிடும்' என்று பேர். எந்தக் கோளாறைச் சொன்னாலும் அந்த ஒரு சொல்தான் முதலில் வாயில் வரும். குழாய் ஒழுகினாலும் அதுதான், மாமியாருக்கு முட்டி வலித்தாலும் அதுதான். பஸ் டிப்போவில், எந்த வண்டி எந்தத் தடத்தில் ஓட வேண்டும் என்று அட்டவணை போடுவது அவன் வேலை. மனசு மட்டும் எப்போதும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

கடையில் உதிரியாக விற்கும் பாகங்களை வாங்கித் தானே பூட்டுவான். பிறகு, ஒரு பெரிய கம்பெனி தன் சொந்தக் கம்ப்யூட்டர்களுக்கென்றே வைத்திருக்கும் மென்பொருளை அந்தப் பெட்டியில் ஓட வைப்பான். இப்படிச் செய்த பெட்டியை ஹேக்கின்டாஷ் என்பார்கள். கம்பெனிக்கு இதில் சம்மதம் கிடையாது என்பதால், ஏதாவது ஆனால் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. இணையத்தில் இதே பைத்தியம் பிடித்த நாலு பேர் எழுதி வைத்ததைப் படித்து, முட்டி மோதி, தானேதான் சரிசெய்ய வேண்டும். அவனுக்கு அதில்தான் ருசி.

அப்படி ஒரு பெட்டியை அக்காவுக்கும் செய்து கொடுத்திருந்தான். அக்கா புகைப்படங்களுக்கு நிறம் திருத்துகிறவள். ஸ்டுடியோக்காரர் ஒருவர் கல்யாணப் படங்களையும் பள்ளிக்கூடப் படங்களையும் அனுப்புவார். வெயிலில் கருத்துப்போன முகத்தை, விளக்கொளியில் மஞ்சள் பூத்த சட்டையை எல்லாம் அவள் வீட்டு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து அதனதன் நிறத்துக்குக் கொண்டுவருவாள். மணமகளின் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் என் பொண்ணு கலர்" என்று சொல்ல வேண்டும். அதுதான் அவள் வேலைக்கு அளவுகோல். தம்பி செய்த பெட்டி நன்றாகவே ஓடியது. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் அவன் அதைக் காட்டாமல் அனுப்ப மாட்டான்.

ஓடிக்கொண்டிருந்ததை ஓட விட்டிருக்கலாம். திரையில் படம் வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று, பழையதைவிட வேகமானது, அவன் கைக்கு வந்தது. அக்கா கேட்கவில்லை. "இருக்கிறதே போதும்டா" என்றுகூடச் சொன்னாள். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருகாணி டப்பாவோடு வந்து உட்கார்ந்துவிட்டான்.

புதுக் கார்டைப் போட்டதும் திரை கருப்பாகவே நின்றது. பெட்டி ஓடத் தொடங்கும்போது படிக்கும் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தான். படம் வந்தது, ஆனால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் சைஸில் வந்தது. திரையில் ஒரு ஜன்னலை இழுத்தால் பின்னாலேயே அதன் நிழல் நொண்டிக்கொண்டு வந்தது. கார்டைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று கண்டுபிடித்து, அதையும் சரி செய்தான். கடைசியில் திரையின் முழு அளவு மட்டும் கிடைக்காமல் அடம்பிடித்தது. பொறுமை தீர்ந்துபோய், இணையத்தில் யாரோ ஒருவர் தம் திரைக்காக எழுதியிருந்த அமைப்பை, படிக்காமலேயே அப்படியே எடுத்து ஒட்டினான். மறுபடி ஓட்டியதும் திரை முழுக்கப் படம், பளிச்சென்று. அக்கா கொண்டுவந்து வைத்த சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அவன் ராஜா மாதிரி சாப்பிட்டான்.

அந்த வாரமே அக்கா போன் செய்தாள். வெள்ளையில் லேசாகச் சிவப்பு ஏறித் தெரிகிறது, முகங்கள் எல்லாம் வெயிலில் நின்றவை போல இருக்கின்றன என்றாள். அவன் வந்தான். நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே எட்டிப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சமாக இருக்கும் என்றான். திரைச்சீலையை மூடிய பிறகும் அவள் தலையாட்டவில்லை. உடனே அவன் திரையில் இருந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் போனுக்கு அனுப்பி, அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். போனில் வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது.

"பாரு. கம்ப்யூட்டர் சரியாத்தான் இருக்கு. கண்ணுதான் மாறுது அக்கா. வயசாகுதுல்ல."

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா மகள் அங்கேயே நின்றாள். அம்மாவின் கண்ணைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளும்படி அவளிடமும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரம் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது அங்கேயும் சொன்னான்.

அக்கா நம்பிவிட்டாள். கண் முன்னே ஆதாரம் காட்டினால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஆனால் வேலைக்கு அந்தக் கண்தான் இருந்தது; எவ்வளவு கண்ணின் கோளாறு, எவ்வளவு படத்தின் கோளாறு என்று பிரிக்கத் தெரியாமல், ஏறித் தெரிந்த சிவப்பைப் படங்களில் குறைத்து அனுப்பினாள். அச்சாகி வந்த ஆல்பத்தில் கல்யாணக் கூட்டமே வெளிறிப்போய், மாப்பிள்ளைக்குக் காமாலை வந்தது போலிருந்தது. ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். திட்டவில்லை. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அக்கா பிறகு மகளிடம் சொன்னாளாம்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள், தடுமாறாமல் படித்தாள். நிறம் பார்ப்பதில் குறையில்லை, கிட்டத்தில் படிக்க மட்டும் கண்ணாடி போடுங்கள் என்றார் டாக்டர். அதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அங்க பெரிய பெரிய புள்ளிதான் காட்டுவாங்க. உன் வேலைக்கு வேண்டியது நுணுக்கமான பார்வை. அது வேற."

அதற்குப் பிறகு அக்கா கடையில் தக்காளி எடுத்தால்கூட, பழுத்திருக்கிறதா என்று மகளிடம் காட்டிக் கேட்டுக்கொண்டாள். இன்னொரு ஆல்பமும் கெட்டதும், இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி ஸ்டுடியோக்காரரிடம் தானே சொல்லிவிட்டாள். தம்பியைக் கூப்பிட்டு, பெட்டியையும் திரையையும் எடுத்துப் போகச் சொன்னாள். சும்மா தூசி படியவா என்றாள். அவனும் எடுத்துப் போனான். உண்மையைச் சொன்னால், அந்தக் கார்டு தன் மேஜைக்கு வருகிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

வீட்டில் அக்காவின் திரையையும் தன் பழைய திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெட்டியோடு இணைத்தான். சோதித்துப் பார்க்க ஒரு பள்ளிக்கூடப் படத்தை இரண்டிலும் திறந்தான். காபி கொடுக்க வந்த மனைவி அப்படியே நின்றாள்.

"ஒரே படம்தானே ரெண்டும்? இதுல ஏன் பசங்க சட்டை ரோஸா இருக்கு?"

அவன் பார்த்தான். தன் பழைய திரையில் வெள்ளைச் சட்டை. அக்காவின் திரையில் அதே சட்டைமேல் சிவப்புச் சாயம். முதன்முறையாக அக்கா திரையின் அடிப்பக்கம் இருந்த பொத்தானை அழுத்தினான். எந்த வகைச் சிக்னல் வருகிறது என்று திரையே காட்டியது. கம்ப்யூட்டர் அதைத் திரை என்று எண்ணாமல் டிவி என்று எண்ணி, டிவிக்குரிய விதத்தில் நிறங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அக்காவின் திரைக்கென்று தான் படிக்காமல் ஒட்டிய அந்த அமைப்புதான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தது. ஸ்கிரீன்ஷாட் கம்ப்யூட்டருக்குள்ளேயே எடுக்கப்படுவது. வயர் வழியாகப் போகும்போது நிறம் கெடுவது அதில் தெரியவே தெரியாது. ஆதாரம் என்று நீட்டியது ஆதாரமே இல்லை.

ஒட்டியதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினான். சட்டைகள் வெளுத்தன. காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவன் குடிக்கவில்லை. இது ஒரு கஷ்டமான கோளாறாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

"எப்படிச் சொல்லப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள். அவன் வயர்களைக் கழற்ற ஆரம்பித்தான்.

அன்றைக்கே பெட்டியையும் திரையையும் காரில் வைத்து எடுத்துப் போனான். போகும் வழியெல்லாம் ஒவ்வொரு பொய்யாக எடுத்துப் பார்த்தான். எதுவும் வாயில் நிற்கவில்லை. ஏதோ சின்ன மாற்றம் செய்தேன், பார் என்று மட்டும் அக்காவிடம் சொன்னான். அவள் ஒரு குழந்தையின் படத்தைத் திறந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடி இப்போதுதான் கண்ணுக்குப் பழகியிருக்கிறது என்றாள். அந்த டாக்டர் நன்றாக இருக்க வேண்டும் என்றாள்.

அவன் சும்மா நின்றான். அந்தக் கொஞ்ச நேரம் அவன் வாயைத் திறக்காமல் இருந்ததுதான், பிற்பாடு எதைக் காட்டிலும் அவனைத் தின்றது. அதற்குள் அக்கா ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டு, கண் சரியாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவள் குரல் தணிந்தது. பரவாயில்லை, யார் செய்தால் என்ன என்று சொல்லிப் போனை வைத்தாள். வேலை வேறு ஒருவர் கைக்குப் போயிருந்தது.

"அக்கா, உன் கண்ணுக்கு ஒண்ணுமே ஆகல. தப்பு என்னோடது" என்றான். கார்டு மாற்றியது, படிக்காமல் ஒட்டியது, இன்று கண்டது எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான்.

அக்கா திரையில் இருந்த குழந்தையின் படத்தை மூடினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் அத்தனை தடவை சொன்னேனே. ஒரு தடவையாவது இந்த நாற்காலியில உட்கார்ந்து பாத்தியா?"

"இல்ல."

அவள் எழுந்து உள்ளே போனாள். அழுதாளா என்று அவனுக்குத் தெரியாது. மகள் வந்ததும் அவளிடமும் அவனே சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்விட்டாள்.

மறுநாள் டிப்போவுக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டுடியோக்காரரைப் பார்க்கப் போனான். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். கொடுத்த வேலையைப் பிடுங்க முடியாது, பள்ளிக்கூட ஆல்பம் வரும்போது உங்கள் அக்காவையே கூப்பிடுகிறேன் என்றார். சொன்னபடி கூப்பிட்டார். கல்யாண ஆல்பங்கள் மட்டும் திரும்பவில்லை. அக்கா திரையின் பொத்தான்களைத் தானே அழுத்திப் பழகிக்கொண்டாள். பெட்டியில் ஏதாவது என்றால் கடைத்தெருவில் இருக்கும் ஒருவரைத்தான் கூப்பிடுகிறாள். தம்பி வந்தால் சாப்பாடு போடுகிறாள், பேசுகிறாள், மேஜைப் பக்கம் மட்டும் போக விடுவதில்லை.

பெரியப்பா வீட்டில் எல்லோரும் கூடிய ஒரு நாள், பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண் இப்போது தேவலையா என்று கேட்டாள். தம்பி எதிரில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல பெரியம்மா. கம்ப்யூட்டர்ல சின்னக் கோளாறு. இப்ப இல்ல" என்றாள் அக்கா, அவன் பக்கம் திரும்பாமல்.

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனான். குழாயைத் திறந்துவிட்டு, கை சுத்தமான பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.