தறியின் கண்ணில் வைத்த சந்தனப் பொட்டு

எங்கள் ஃபேக்டரியில் புதுத் தறிகள் ஆறு வந்து இறங்கிய வாரமும், இங்கிலாந்தில் தறி உடைத்தவர்களைத் தூக்கில் போட்டார்கள் என்று நான் புத்தகத்தில் படித்த வாரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

எண்பதுகளின் தொடக்கம். கிள்ளானுக்கு வெளியே இருந்த நெசவாலை அது. படிவம் இரண்டோடு பள்ளியை விட்டுவிட்டு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. நான்கு தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பதுதான் வேலை. பழைய தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமந்துகொண்டு ஒரு மரக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும். அந்தச் சத்தத்தில் காது கேட்காது. எதிரில் இருப்பவளின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். வரப்போகிற தறியில் கட்டையே இல்லை, காற்று ஊதி நூலைத் தள்ளும், ஒரே ஆள் பன்னிரண்டு தறியைப் பார்க்கலாம் என்று சூப்பர்வைசர் கூட்டம் போட்டுச் சொன்னார். அவர் சீனர், எங்களோடு மலாயில் பேசுவார். நான்கு, பன்னிரண்டு. மூன்று பேர் நிற்கும் இடத்தில் இனி ஒருத்தி. மற்ற இரண்டு பேர்?

வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம்வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். இதற்குக் கேட்கவா வேண்டும்?

புதுத் தறியில் நிற்கப் படிவம் மூன்று தேறியிருக்க வேண்டும் என்ற பேச்சு முந்திய வருடமே அடிபட்டிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பட்டணத்துக்கு, பிரிக்பீல்ட்ஸ் போய், கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில் நடந்த வகுப்பில் சேர்ந்திருந்தேன். கணக்கு என்றால் நடுங்குவேன். ஆனால் சரித்திரத்தில் பிரிட்டனின் தொழிற்புரட்சிப் பாடம் வந்தபோது, அந்த வகுப்பில் எனக்குப் புரிந்த மாதிரி வேறு யாருக்கும் புரியவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். மற்றவர்கள் கடைகளிலும் ஆபீஸ்களிலும் வேலை பார்த்தவர்கள்; நீராவி, நிலக்கரி, பருத்தி, ரயில் என்று வரிசையாக மனப்பாடம் செய்தார்கள். நான் பாவு நூலைக் கையில் பிடித்தவள்.

முதலில் அங்கே நூற்கும் இயந்திரம் வந்தது. நூல் மலையாகக் குவிந்தது, நெய்ய ஆள் போதவில்லை. கைத்தறிக்காரர்கள் கொஞ்ச காலம் ராஜா மாதிரி வாழ்ந்தார்கள். அப்புறம் நீராவியில் ஓடும் தறி வந்தது. அதே கைத்தறிக்காரர்கள் பட்டினி கிடந்தார்கள். துணி மட்டும் குறையவே இல்லை, கப்பல் கப்பலாக உலகம் பூராவும் போனது. மான்செஸ்டர் சின்ன ஊராக இருந்து கண்முன்னே வீங்கிப் பெரிய நகரமானது. இதற்கு நடுவில் முகத்தில் கரி பூசிக்கொண்டு போய் இயந்திரங்களை உடைத்தவர்களும் இருந்தார்கள். சிலரைத் தூக்கில் போட்டார்கள், சிலரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள்.

அந்தப் பக்கத்தை நான் பல தடவை படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. வேகமாக ஓடுகிற தறிக்கு வேகமாக நூல் கொடுக்க வேண்டும். பாவு சுற்ற ஆள் வேண்டும். மூன்று மடங்கு துணி இறங்கினால் அதைப் பிரித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிக்க மூன்று மடங்கு கண் வேண்டும். வேலை அழிந்துபோகாது, தறியிலிருந்து எழுந்து பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதைப் பக்கத்துத் தறி அக்காவிடம் சொன்னேன். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, “வெள்ளக்காரன் ஊர்ல நடந்தத வச்சு என் புள்ளைங்களுக்குச் சோறு ஆக்குவியா நீ?” என்றார். அதோடு விட்டிருக்கலாம். கேன்டீனில் எல்லார் காதிலும் விழும்படி இன்னொன்றும் சொன்னார்: “இந்த மிஷின் ஓடாம நின்னாத்தான் நமக்கு நல்லது லா.”

புதுத் தறிகளை ஓட்டிப் பார்க்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் ஆயுத பூஜை.

எங்கள் ஆலையில் அது பழகிப்போன வழக்கம். மதிய இடைவேளையில் தறிகளைத் துடைத்து, விபூதி பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டுவோம். கடலைச் சுண்டலை மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் கொடுப்போம். அக்காதான் தட்டைப் பிடிப்பார். பழைய தறிகள் முடிந்து புதுத் தறிகளிடம் வந்ததும் நின்றுவிட்டார். “அதுக்கு நீயே வை” என்று தட்டை என்னிடம் நீட்டினார்.

எங்கே வைப்பது? பழைய தறிக்கு நெற்றி மாதிரி ஓர் இரும்புத் தகடு உண்டு. இது முழுக்கப் பெட்டியும் குழாயுமாக இருந்தது. முன்பக்கம் காசு அளவில் வட்டமாக ஒரு கண்ணாடி மட்டும், பொட்டு வைக்கவே செய்த இடம் போலத் தெரிந்தது. ஆறு தறிக்கும் அங்கேயே வைத்தேன். மறுநாள் காலையில் பெரியவர்கள் வருகிறார்கள், சுத்தமாக இருக்கட்டும் என்று சூப்பர்வைசர் சொல்லவும், நானே காய்ந்த துணியால் துடைத்தும் விட்டேன்.

காலையில் ஜப்பானிலிருந்து வந்த என்ஜினியர் பொத்தானை அழுத்தினார். காற்று சீறியது, நூல் ஒரு தடவை பாய்ந்தது, தறி நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டாவது தறியும் அப்படியே. ஆறும் அப்படியே. அவர் மின்சாரப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மானேஜர் முகம் கறுத்துப்போனது. ஒன்று ரோசாக் ஆனால், அதாவது கெட்டால், மிஷின் குற்றம், ஆறும் ஒரே மாதிரி ரோசாக் ஆனால் ஆள் குற்றம் என்று அவர் சொன்னதாகப் பேச்சு வந்தது. கேன்டீனில் அக்கா சொன்னதும் அவர் காதுக்குப் போயிருந்தது. முதல் நாள் அக்கா புதுத் தறிகளுக்குப் பக்கத்தில் தட்டோடு நின்றதைப் பலரும் பார்த்திருந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் என் தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். கை வேலை செய்தது, மனம் தூக்குமேடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அப்போது என் மூன்றாவது தறியில் ஊடை அறுந்து, தறி தானாக நின்றது. தினமும் பார்க்கிற காரியம்தான். பழைய தறியில் முள்கரண்டி மாதிரி ஒரு சின்ன இரும்பு, ஊடை வந்ததா என்று தொட்டுப் பார்க்கும். நூல் தட்டுப்படாவிட்டால் தறியை நிறுத்திவிடும். அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தபோதே எனக்குள் பளிச்சென்றது. புதுத் தறியில் அந்தக் கரண்டி எங்கே? நூல் வந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்? தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை என்றால், கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கண்ணில் நான் சந்தனம் அப்பியிருக்கிறேன்.

இப்போது எழுதும்போது சுலபமாக இருக்கிறது. அன்று சூப்பர்வைசர் நின்ற இடம்வரை அந்த இருபது அடி தூரத்தை நடக்க எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் புதுத் தறி எனக்கில்லை, இருக்கிற தறியும் போகலாம். சொல்லாவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அக்கா. ஆனால் ஒன்று: பயம் இருந்ததே தவிர, சந்தேகம் இல்லை. தறியைப் பற்றி நான் நினைத்தது சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அந்த நிச்சயம்தான் காலைத் தள்ளியது.

சூப்பர்வைசரிடம் மலாயில் சொன்னேன். “போஸ், அந்தக் கண்ணாடியில பொட்டு வச்சது நான். தொடச்சதும் நான். அக்கா அந்தத் தறியைத் தொடவே இல்ல.”

அவர் என்னையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் என்ஜினியரிடம் ஏதோ சொன்னார். என்ஜினியர் குனிந்து டார்ச் அடித்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மஞ்சள் படலம், வெளிச்சம் பட்டதும் பாலாடை போலத் தெரிந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து என் கையில் கொடுத்து, நீயே துடை என்று சைகை காட்டினார். துடைத்தேன். பொத்தானை அழுத்தினார்.

தறி ஓடியது. நிற்கவே இல்லை.

மானேஜர் என்னை விசாரித்தார், திட்டினார், இனி கேட்காமல் எதன்மேலும் எதையும் பூசக்கூடாது என்றார். ஆனால் தறி ஏன் நின்றது என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் கேட்டார். இரும்புக் கரண்டியைப் பற்றிச் சொன்னேன். அதை சூப்பர்வைசர் என்ஜினியருக்கு மொழிபெயர்த்தபோது அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அக்காவைப் பெஞ்சிலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்பினார்கள். ஏன் கூப்பிட்டோம், ஏன் விட்டோம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் அந்த என்ஜினியர் ஒரு காரியம் செய்தார். சாக்கட்டியால் ஒவ்வொரு தறியின் பக்கச் சட்டத்திலும் ஒரு வட்டம் போட்டார். என்னைக் கூப்பிட்டு, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி, பிறகு வட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

வருடக் கடைசியில் படிவம் மூன்று சோதனையில் தேறினேன். கணக்கில் மயிரிழையில் தப்பினேன். புதுத் தறி எனக்குக் கிடைத்தது. நான் சொன்ன மாதிரியே துணி குவிந்தது, துணி சரிபார்க்கும் அறையை இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள், அக்கா அங்கே போனார். எல்லாரும் தப்பினார்கள் என்று சொல்லமாட்டேன். இரண்டு பேருக்கு இடமில்லாமல் ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் வேறு ஃபேக்டரிக்குப் போனார்கள். கைத்தறிக்காரர்களைப் பற்றிய அந்தப் பாராவை நான் இன்னும் மறக்கவில்லை என்றால், அவர்களால்தான்.

அடுத்த வருட ஆயுத பூஜைக்கு அக்கா துணி அறையிலிருந்து தட்டோடு வந்தார். இந்தத் தடவை தயங்கவில்லை. சாக்கட்டி வட்டம் அழிந்துபோயிருந்தது, இடம் மட்டும் எனக்குத் தெரியும். சந்தனத்தை எடுத்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

“எங்க வைக்கணும்னு காட்டு. உன்னாலதான்டி நான் பெஞ்சில உக்காந்தேன்.”

யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் இடத்தைக் காட்டினேன். அவர் ஆறு தறிக்கும் வைத்தார்.