எல்லப்பன் அந்தக் குமிழைத் திருப்பவில்லை

எல்லப்பன் இறந்த செய்தியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. திருவொற்றியூர் தேரடியில் பேருந்துக்கு நின்றிருந்தபோது, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். யாரோ கல்யாண வீட்டில் எடுத்த படம். வெள்ளைச் சட்டை, பாதி மூடிய கண். கீழே ‘காசிமேடு மீன் ஏலக்காரர்’ என்று போட்டிருந்தார்கள். இறந்து மூன்று நாளாகியிருந்தது. அடக்கமும் முடிந்துவிட்டது. என் பேருந்து வந்தது, போனது. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னைத் தவிர ஏழு பேர் இருக்கிறீர்கள். ஒருவர்கூட போன் செய்யவில்லை. இரண்டு வருடமாக நான் அங்கே வரவில்லை என்பது உண்மைதான். அதற்காகச் சாவைக்கூடச் சொல்லாமல் விடுவதா? இந்தக் குறையை முதலில் எழுதிவிடுகிறேன். என் மேல் உள்ள குறை இதைவிடப் பெரிது. அதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியாட்களும் படிக்கலாம் என்பதால் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் செல்வராஜ் அண்ணாச்சியின் மொத்த மளிகைக் கடைக்கு மேலே ஒரு கிடங்கு அறை உண்டு. ஞாயிறு மதியம் கடை அடைத்த பிறகு நாங்கள் ஒன்பது பேர் அங்கே கூடிப் பாட்டுக் கேட்போம். நான்கு பக்கமும் அரிசி, பருப்பு மூட்டைகள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பாமல் அவை விழுங்கிக்கொள்ளும். தீபாவளிக்கு முன்னால் சரக்கு விற்றுத் தீர்ந்துவிட்டால் அறையில் எதிரொலி வந்துவிடும்.

“அண்ணாச்சி, யாவாரத்த கொஞ்சம் கம்மி பண்ணு. பாட்டு கலீஜா கீது” என்பார் எல்லப்பன்.

“பாட்டு கேக்கதுக்காவ நான் கடைய பூட்டணுமாக்கும்? நல்லா இருக்கே நியாயம்!” என்பார் அண்ணாச்சி.

எல்லப்பன் எனக்கு அறிமுகமானது அந்த அறையில் அல்ல. பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கடல் காற்று பட்டு அதன் சாக்கெட்டெல்லாம் பச்சை பிடித்திருந்தது. துடைத்துச் சரிசெய்து பாட்டுப் போடப் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “பாட்டு வோணாம். சும்மா கீறப்போ இன்னா சொல்லுதுன்னு மொதல்ல கேக்கலாம்.” கண்ணை மூடிக்கொண்டு வெறும் ஸ்பீக்கர் முன்னால் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “உள்ள எலி கீது” என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திறந்து தேடினால் எர்த் கம்பியின் இணைப்பு ஒன்று விட்டிருந்தது. அதை நான் பற்றவைப்பதைப் பார்த்தவர் அன்றிலிருந்து என்னை ‘வாத்தியாரே’ என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் மின் பராமரிப்பில் இருந்தேன். டிப்ளமோ படித்து வந்த பையன்கள் என் கண் முன்னால் மேற்பார்வையாளர் ஆனார்கள்; பழுதைக் கண்டுபிடிக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். என்னை வாத்தியார் என்று அழைத்த ஒரே மனிதர் அவர்தான்.

இனி டேக் விஷயத்துக்கு வருகிறேன். போனிலும் கணினியிலும் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. அந்த எண்களை மின் அலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் பெட்டியின் பெயர் டேக். எல்லா போனுக்குள்ளும் சின்னதாக ஒன்று உண்டு. நன்றாகக் கேட்க வேண்டும் என்பவர்கள் தனியாக வாங்குவார்கள். எதை வாங்குவது என்பதில்தான் உலகத்தில் உள்ள சண்டையெல்லாம். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய பெரிய எண்களை நம்மில் சிலர் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது எல்லப்பன் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். “அதெல்லாம் மீனு மேல போடற ஐஸு மாமு. வெயிட்டு ஏறும், மீனு ஏறாது.”

வீட்டிலேயே சின்ன ஒலிப்பதிவு அறை வைத்திருக்கும் ஒருவர் பெரம்பூரிலிருந்து ஒரு முறை வந்தார். விலை உயர்ந்த டேக் எது வாங்கலாம் என்று கேட்டார். நான் சிப்பின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். எல்லப்பன் இடையில் புகுந்து, எந்த ஸ்பீக்கர், அறை எவ்வளவு பெரியது, பாடுகிறவர் காதில் மாட்டிக்கொண்டு பாடுவாரா, கம்பி எவ்வளவு நீளம் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில், “உன் ஸ்பீக்கரு கிழிஞ்ச வலை. அத்த வுட்டுட்டு போட்டுக்கு பெயிண்டு அடிக்கப் போறியே நைனா” என்றார். வந்தவர் சிரித்துவிட்டு ஸ்பீக்கர் வாங்கப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டது என்னிடம், பதில் சொன்னது அவர். அந்தக் கோபம் எனக்குள் இருந்தது என்பதை இப்போது மறைக்கப் போவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நம் அறைக்கு ஒரு நல்ல டேக் வாங்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது மூன்று பெட்டிகள் போட்டியில் நின்றன. அண்ணாச்சியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கனமான பெட்டி ஒன்று. சோப்பு டப்பா அளவில் மலிவான பெட்டி ஒன்று. மூன்றாவது என்னுடையது. சர்க்யூட் போர்டை வரவழைத்து, டிரான்ஸ்ஃபார்மரை என் கையாலேயே சுற்றி, ஒரு வருடம் உழைத்துக் கட்டியது. அதுதான் அறையில் நிற்கப்போகிறது என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை எல்லப்பன் தன் தொழிலிலிருந்து எடுத்துவந்தார். ஏலத்தில் ஒருவன் முதலில் விலை சொல்லிவிட்டால் அடுத்தவர்கள் மீனைப் பார்ப்பதில்லை, அவன் வாயைத்தான் பார்க்கிறார்கள் என்பார். அதனால் மூன்று பெட்டியையும் போர்வை போட்டு மூடினார். யாரும் பேசக்கூடாது, ஆளுக்கொரு சீட்டில் எழுத வேண்டும். “இன்னொண்ணும் கீது. சத்தமா கூவுனா சின்ன மீனும் பெருசாத்தான் தெரியும். மூணும் ஒரே சத்தம் போடணும்.” காலையிலேயே வந்து, அறையில் நான் விட்டுவைத்திருந்த என் மீட்டரையே எடுத்து, ஒரே சுருதியில் நிற்கும் ஒரு சத்தத்தை ஓடவிட்டு, மூன்று பெட்டியையும் இணைத்திருந்த ஒலி மிக்ஸரில் ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய குமிழைச் சரிசெய்து மூன்றின் அளவையும் சமமாக்கி வைத்தார். கூட அண்ணாச்சி இருந்தார். நான் இல்லை. போர்வைக்குப் பின்னால் பெட்டியை மாற்றியவருக்கு எது எது என்று தெரிந்திருந்தது. அது அந்தச் சோதனையில் ஒரு குறைதான், இன்றும் சொல்வேன். மற்றபடி அதில் பிழையில்லை.

மூன்று சுற்றுக் கேட்டோம். சீட்டுகளைப் பிரித்து அண்ணாச்சி படித்தார். சிங்கப்பூர்ப் பெட்டிக்கும் சோப்பு டப்பாவுக்கும் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் எல்லோரும் ஒன்றாக எழுதியிருந்தோம். என் சீட்டில் என் கையெழுத்தில் மூன்று சுற்றிலும் ஒரே வரி: ‘இதில் அடியில் ஓர் உறுமல் இருக்கிறது, வேண்டாம்.’ போர்வையை எடுத்தார்கள். அது என் பெட்டி.

அப்போது நான் சொன்னதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். “குமிழைத் திருப்பிட்ட. என் பெட்டிக்கு மட்டும் சத்தத்தை ஏத்தி வெச்சிருக்க. அதான் உறுமல் வெளிய வந்துச்சு. ஏலத்துல பண்ற வேலைய இங்கயும் பண்றியா?”

எல்லப்பன் கத்தவில்லை. “வாத்தியாரே, இன்னா வார்த்த சொல்லிட்ட” என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி, “எண்ணே, நான் கூடத்தான இருந்தேன், அவரு அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு பாத்துக்கிடுங்க” என்றார். நான் கேட்கவில்லை. எல்லோரும் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிப் போனீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களில் யாருக்கும் தெரியாது. என் பெட்டியைக் கட்டி எடுத்துப் போகத்தான் நான் மேலே நின்றேன். மீட்டர் பருப்பு மூட்டையின் மேல் கிடந்தது. நிரூபித்துவிட்டே கீழே போகலாம் என்று அதே சத்தத்தை ஓடவிட்டு அளந்தேன். மூன்று பெட்டியும் ஒரே அளவு. புள்ளிக்குப் பின்னால் இரண்டாம் இலக்கம் வரை ஒன்று. முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே எண்கள். குற்றம் சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். எல்லப்பன் மாடிப்படியின் கீழே எனக்கு வாங்கிய தேநீரோடு நின்றிருந்தார். “டீ ஆறுது, வாத்தியாரே” என்றார். அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. நான் கண்ணாடி டம்ளரைத் தொடாமல் அவரைக் கடந்து போனேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரை போர்டுக்கு மிக நெருக்கமாக வைத்திருந்தேன். நான்கு விரல் தள்ளி வைத்ததும் உறுமல் போய்விட்டது. அரை மணி நேர வேலை. எடுத்துக்கொண்டு மறு ஞாயிறு வந்திருக்கலாம். வந்தால் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். வரவில்லை.

என் வார்த்தை அறையோடு நிற்கவில்லை. அதைத் துறைமுகம் வரை கொண்டுபோனவர் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் எழுதவில்லை. கொண்டுபோகக் கொடுத்தவன் நான். “பாட்டுப் பொட்டிலயே அளவ மாத்தறவன் மீனுல மாத்த மாட்டானா?” என்று முதலில் கேலியாகத்தான் சொன்னார்களாம். விசைப்படகு வைத்திருக்கும் ஒருவர், இருபது வருடமாகத் தன் மீனை எல்லப்பனிடமே ஏலத்துக்குக் கொடுத்தவர், அந்த மாதம் வேறு ஆளிடம் போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் இருவர் போனார்கள். ஏலக்காரருக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. அவர் கூவுவது நியாயமாக இருக்கும் என்று பத்துப் பேர் நம்புவதுதான் அவருடைய பிழைப்பு. அண்ணாச்சி எனக்குப் போன் செய்து, “நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே, எல்லாம் சரியாயிரும்” என்றார். “அவர் முதலில் வந்து பேசட்டும்” என்றேன். எதைப் பேச? என்னிடம்தான் பேச விஷயம் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் காசிமேட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் தேவி வாசலில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் மீன் வியாபாரம் செய்கிறவள்.

“வா பெரிப்பா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர், எண்கள், தேநீர், எதையும் விடவில்லை. அவள் கை நிற்காமல் அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“எங்கப்பா திருப்பலன்னு நீ வந்து எனக்கு சொல்லணுமா? எனக்குத் தெரியாதா? நாங்க உன்ன திட்டுவோம். அவரு இன்னா சொல்வாரு தெரியுமா? ‘வுடுங்க, அந்தாளு காது நல்ல காது. வாய்தான் பேஜாரு’ன்னுவாரு.” அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இங்க வந்து அழுவாத. யாரு முன்னாடி சொன்னியோ அவுங்க முன்னாடி போய் சொல்லு.”

மறுநாள் விடிந்ததும் துறைமுகத்துக்குப் போய் அந்தப் படகுக்காரரைத் தேடிப் பிடித்தேன். சொன்னேன். “யோவ் பெருசு, ஆளு போய் சேந்தப்புறம் வந்து சொல்றியே, இத்த வெச்சிகினு நான் இன்னா பண்றது?” என்றார். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, “நானாச்சும் ஒரு வார்த்த அவர கேட்டுகினு போயிருக்கலாம்” என்றார். அதற்குள் அவருடைய மீனை ஏலம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் போய்விட்டார்.

இப்போது உங்கள் ஏழு பேருக்கும் சொல்கிறேன். எல்லப்பன் அளவை மாற்றவில்லை. அவர் செய்தது நான் பார்த்தவற்றிலேயே நேர்மையான சோதனை. பழுது என் பெட்டியில் இருந்தது. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். இதை வாசித்துக் காட்ட அண்ணாச்சியிடம் கொடுத்தனுப்பி ஒதுங்கிக்கொள்ள மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து நின்று படிப்பேன். பிறகு என்னை உட்காரச் சொல்வதும் போகச் சொல்வதும் உங்கள் விருப்பம்.

எல்லப்பனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்ளப்போவது என்ன என்று யோசித்தேன். நான் கேட்டதே சரி, நான் அளந்ததே சரி என்று எழுபத்து நான்கு வருடம் இருந்துவிட்டேன். இப்போது அடுத்தவரைக் குறை சொல்ல வாயெடுக்கும்போது, ‘ஒருவேளை நம்முடையதாக இருக்குமோ’ என்று ஒரு சந்தேகம் வருகிறது. அவர் எனக்கு விட்டுப் போனது அந்தச் சந்தேகம்தான். அவர் உயிரோடு இருந்த நாளில் ஒருமுறைகூட அது எனக்கு வரவில்லை.