நாலு சக்கரத்திலும் சூடு

வண்டி ஷெட்டுக்குள் வந்து நின்றதும் மெக்கானிக் பாய்லர் முதலில் பேச மாட்டார். குனிந்து, புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொட்டும் தொடாமலும் கொண்டுபோவார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. உள்ளங்கை காய்த்துப்போய்விட்டது, அதற்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. எந்தச் சக்கரம் சுடுகிறதோ அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்த பிறகு, கொண்டுவந்தவரைத் திட்ட ஆரம்பிப்பார். பாய்லர் என்ற பெயர் சும்மா வரவில்லை.

அவருடைய சித்தியின் வண்டியில் நாலு சக்கரமும் ஒன்றுபோலச் சுட்டன.

சித்தி நீச்சல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற கையோடு, தரையோடு தரையாகப் போகிற பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டாள். இதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க கிரேன் வேண்டும் என்று பாய்லர் சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

முதல் தடவை பிரேக் இப்படிப் பிடித்துக்கொண்டபோது சக்கரத்தைக் கவ்வும் காலிப்பர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து சீல் மாற்றிக் கொடுத்தார். அடுத்த தடவை பிரேக் ஆயில் போகும் ஹோஸ் எல்லாம் புதிது. ஒவ்வொரு முறையும் வண்டி ஆறிய பிறகு சக்கரம் பம்பரமாகச் சுற்றியது. சித்தி ஓட்டிக்கொண்டு மேம்பாலம் ஏறினாலோ மறுபடியும் பிடித்துக்கொண்டது. மூன்றாம் முறை புகையோடு வந்து சேர்ந்தாள். அன்றைக்குத்தான் பாய்லர் பொங்கினார்.

"பெடல் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டுறீங்க சித்தி. நாலும் சுடுதுன்னா வேற என்ன?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து ஓட்டுறேன். என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. வயசாயிடுச்சு."

இன்னொரு தடவை பிடித்தால் வண்டி எதிர் கடைக்குப் போகும், தானும் இனி அவர் வீட்டு வாசற்படி ஏறப்போவதில்லை என்று சித்தி குரலை உயர்த்தாமலே சொன்னாள். சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு நடந்தே போனாள். அம்மாவுக்குப் பிறகு அவரை டா போட்டுக் கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சம்.

கோபத்தோடுதான் பாய்லர் வண்டியை எடுத்தார். சித்தியின் கால்தான் குற்றவாளி என்று நிரூபித்துவிட வேண்டும். செருப்பைக் கழற்றிப்போட்டார். நிறுத்த வேண்டிய இடங்களைத் தவிர பெடல் பக்கமே காலைக் கொண்டுபோகவில்லை. மேம்பாலம் இறங்குவதற்குள் கருகல் வாடை வந்தது. இறக்கத்திலேயே வண்டி, போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

இந்தத் தடவை ஆற விடவில்லை. சூட்டோடு ஜாக்கியில் தூக்கினார். சக்கரம் அசையவில்லை. பெடல் அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருந்த நட்டுகளை லேசாகத் தளர்த்தியதும் சக்கரம் பெருமூச்சு விட்டதுபோலச் சுற்றியது. பெடலை யாரோ மிதித்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அது சித்தி இல்லை.

சீட்டில் தலைகீழாகக் கிடந்து, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிரேக் லைட் சுவிட்ச் புத்தம் புதிதாக இருந்தது. அளவுக்கு மேல் உள்ளே முறுக்கப்பட்டு, பெடலை ஒரு மயிரிழை மேலே வர விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. ஓடிச் சூடேறி ஆயில் விரிந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும், ஆறினால் விட்டுவிடும். ஒயரில் மஞ்சள் டேப், அழகாக, சுருக்கம் இல்லாமல். அந்தச் சுற்று யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

அவருடைய மனைவியின் தம்பி ஆட்டோ எலக்ட்ரீசியன். அதே ஷெட்டில் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தொழில். "மாமா மொதல்ல கத்துவார், அப்புறம்தான் பார்ப்பார்" என்று ஒரு வாடிக்கையாளரிடம் அவன் சொன்னது காதில் விழுந்த நாளிலிருந்து மாமாவுக்கும் மச்சினனுக்கும் பேச்சு இல்லை. சாவி வேண்டுமென்றாலும் சண்டை வேண்டுமென்றாலும் மனைவி வழியாகத்தான்.

தகரத்தை உதைத்துக்கொண்டு பாய்லர் உள்ளே போனார்.

"சுவிட்ச்சை மாத்துனது நீதானே?"

"ஆமா மாமா. லைட் எரியலைன்னு சித்தி சொன்னாங்க."

அதன்பிறகு அவர் பேசியதை அச்சில் ஏற்ற முடியாது. அவன் கை, அவன் படிப்பு, அவன் பரம்பரை எதுவும் தப்பவில்லை. சித்தி இறக்கத்தில் எங்காவது போய் மோதியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடா கேடு உனக்கு?"

மச்சினன் வாயைத் திறந்து, மூடினான். தப்புதான் என்றான்.

சுவிட்ச்சைத் தளர்த்திச் சரிசெய்ய வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. சித்தி வந்தபோது பாய்லர் நடந்ததைச் சொன்னார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. சித்தி சீட்டில் இறங்கி உட்கார்ந்தாள்.

"வயசாயிடுச்சுன்னு சொன்னியேடா, அது எந்த சுவிட்ச்?"

பாய்லர் சாவியை நீட்டினார். மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்பி வந்தாள், எந்தச் சக்கரமும் சுடவில்லை. இப்போதும் எல்லாவற்றுக்கும் அந்த ஷெட்டுக்குத்தான் வருகிறாள். வண்டியை மட்டும் மச்சினன் பக்கம் நிறுத்துகிறாள். பாய்லர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அங்கே போய்த்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது.

வெகுநாள் கழித்து ஒன்று தெரியவந்தது. சுவிட்ச் மாற்றிய அன்றே மச்சினன் அக்காவிடம் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறான்: பிரேக் சமாச்சாரம், மாமா ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று. அக்கா அதைத் தன் கணவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. இனி இந்த இரண்டு பேருக்கும் தபால் சுமப்பதில்லை என்று அன்று காலையில்தான் அவள் முடிவு செய்திருந்தாள்.