எந்தப் பக்கம் எழும்பும்?

என் ஆராய்ச்சி என்னவென்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அஞ்சு வருஷமாக ஒரு ரப்பர் தாளுக்குக் கணக்குப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது? நகத்தின் கனம்கூட இல்லாத தாள். சூடு பட்டால் தானாகவே கூம்பாக எழும்பும். ஆறினால் பழையபடி தட்டையாகிவிடும். அதை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. எங்களுக்குக் காகிதமும் கம்ப்யூட்டரும்தான்.

அடையாறில், ஆராய்ச்சி மாணவர்களுக்கான எங்கள் அறையில் பக்கத்து மேசை அவனுடையது. சிந்தாதிரிப்பேட்டைக்காரன். என் கணக்கில் ஒரு மைனஸ் விட்டுப்போனால் போதும், அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒருநாள் இரண்டு பேருக்கும் சண்டை. கூம்பின் நுனி மேலே எழும்புமா, கிண்ணம்போலக் கீழே குழியுமா? சமன்பாடு இரண்டுமே சரி என்கிறது. தாளின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால், எது நடக்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

"மேலதான்," என்றேன்.

"இன்னாத்துக்கு மேல? கீழதான். பெட்டா?"

தோற்றவர் மயிலாப்பூர் குளத்துப் பக்கம் கூட்டிப்போய் ரோஸ்மில்க் வாங்கித் தர வேண்டும். தீராத பந்தயம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் கட்டினோமோ என்னவோ.

அவன் எனக்கு முன்னால் பிஎச்.டி. முடித்தான். வெளிநாட்டில் வேலை, அந்தத் தாளை நிஜமாகவே செய்கிற ஆய்வகத்தில். கிளம்புகிற அன்று, "போய்ட்டு வரேன்" என்றான். நான், "சார்ஜர் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். சொல்ல வேண்டியது ஆயிரம் இருக்க, சார்ஜர்! இன்று நினைத்தாலும் என் வாயிலேயே நாலு போடத் தோன்றுகிறது. அதன்பிறகு எங்களுக்குள் வேலை விஷயமான மெசேஜ்கள் மட்டும்தான். பஸ்ஸில் சீட்டுக்குக் கைக்குட்டை போடுவதுபோல, அவன் மேசையில் தினமும் என் பையை வைத்தேன்.

போன மாதம் வீட்டுக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அந்த ரப்பர் தாள். ஒரு பக்கத்தில் பேனாவால் 'மேல்' என்று அவனுடைய கோழிக்கிறுக்கல். வேறு ஒரு வரி இல்லை.

அம்மா தோசை வார்த்து முடித்திருந்தாள். எழுத்து மேலே தெரியும்படி கல்லில் வைத்தேன்.

"ஐயோ, சாப்பிடற கல்லுல என்னத்தடி வைக்கிற?"

தாள் மெல்ல அசைந்தது. நடுவில் உப்பிக் கூம்பாக எழும்பியது. அஞ்சு வருஷக் கணக்கு, என் கண்ணுக்கு முன்னால்! "ஜெயிச்சிட்டேம்மா!" என்று கத்தினேன்.

ஆறவிட்டு, சும்மா திருப்பிப் போட்டேன். இப்போது கிண்ணமாகக் குழிந்தது. மறுபடி திருப்பினேன், மேலே எழும்பியது. செய்யும்போதே தாளில் ஏதோ ஒரு பக்கச் சாய்வு வந்திருக்கிறது. எந்தப் பக்கத்தை மேல் என்று வைத்துக்கொள்கிறோமோ, அதற்கேற்ற ஆள் ஜெயிக்கலாம். சூடு பண்ணிப் பார்க்காமலா அனுப்பியிருப்பான்? பார்த்துவிட்டு, நான் ஜெயிக்கிற பக்கத்தில் எழுதியிருக்கிறான். ஒரு மைனஸைக்கூட எனக்கு விட்டுக்கொடுக்காதவன்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. புகை என்று நினைத்து அம்மா ஜன்னலைத் திறந்தாள்.

போனை எடுத்து, "நீ தோத்துட்ட" என்று அடித்தேன். "ரோஸ்மில்க் எங்க?" என்று அடித்து, அதை அழித்தேன். பிறகு, சார்ஜரைப் பற்றிக் கேட்ட அன்றே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"எப்ப வர்ற?"