டெல்பினா கொட்டும் உம்

என் மனைவி டெல்பினாவுக்குக் கதை சொல்ல வராது என்றுதான் அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் பியூப்லோ கிராமம் முழுக்க நினைத்திருந்தது. கட்டிக்கொண்ட நானும்தான். பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். பனிக்காலம் வந்தால், ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து உம் கொட்டுவாள். முப்பது வருஷமாக இதுதான்.

உம் கொட்டுவதைச் சாதாரண வேலை என்று நினைக்க வேண்டாம். எங்களிடம் உம் நின்றால் கதையும் நின்றாக வேண்டும். கேட்கிறவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். டெல்பினாவின் உம்மில் பயம் இருக்கும், சிரிப்பு இருக்கும், 'அட, சீக்கிரம் சொல்லுங்களேன்' இருக்கும். ஆனால் பேரெல்லாம் கதை சொல்லும் அக்கா புருஷனுக்கு, அதாவது என் சகலை வில்பருக்கு.

போன பனிக்காலக் கடைசியில், வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் டெல்பினாவின் உம்மைப் புகழ்ந்துவிட்டார். சகலைக்குப் பொறுக்கவில்லை.

"உம் கொட்ட என்ன பெரிய இது வேணும்? ரெண்டு எலும்பு போட்டா எங்க வீட்டு நாயே கொட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். டெல்பினா வாயை மூடிக்கொண்டாள். கதையில் அப்போது நரி, முயல் வளைக்குள் பாதி உடம்பு மாட்டி, வால் வெளியே தொங்க நின்றது. நான் ஒரு உம் போட்டுப் பார்த்தேன்.

"மாடு மாதிரி கத்தாதய்யா சகலை, எனக்கு எல்லாமே மறந்து போச்சு!"

பத்து நாள் நரி அப்படியே நின்றது. பனி உருக ஆரம்பித்தது. குளிருக்கு மண்ணுக்குள் தூங்கும் பாம்பு விழித்துவிட்டால், எங்கள் வழக்கப்படி அடுத்த பனிக்காலம் வரை கதைக்கு வாய் திறக்கக் கூடாது. கடைசியில் வில்பர், வறுத்த பைன் கொட்டை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தப்பாப் பேசிட்டேம்மா. உன் உம்மைக் கேட்டுத்தான் அடுத்தது எனக்கு வரும். நீ இல்லாம ஒண்ணும் ஓடல."

"உக்காருங்க அத்தான். இன்னிக்கு நான் சொல்றேன். நாய் செய்யற வேலைதானே, நீங்க உம் கொட்டுங்க."

அவள் தடங்கலே இல்லாமல் ஆரம்பித்தாள். வில்பரின் உம் ஒன்று முந்தியது, ஒன்று பிந்தியது. ஒவ்வொன்றுக்கும் அவரை ஒரு முறை முறைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"உள்ள இருந்த முயலம்மா சொல்லிச்சாம்: 'வந்ததுதான் வந்துட்டே, அப்படியே நில்லுப்பா. வாசலை அடைச்சுக்கிட்டு நீ நிக்கவும்தான் எங்களுக்குக் குளிர் விட்டுச்சு.'"

வில்பர் உம் கொட்ட மறந்துபோனார். டெல்பினா நிறுத்திவிட்டாள்.

"தூங்கிட்டீங்களா அத்தான்?"

"இல்லம்மா, இது என் கதையிலயே கிடையாதே! அப்புறம் நரி என்னதான் பண்ணுச்சு?"

"உம் கொட்டுங்க, சொல்றேன்."

கொட்டினார் மனுஷன், வீடே அதிரும்படி.